அரங்கயாவின் ஓடையும் மலையகத்தின் காணியும்

பட்டிப்பொலவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறும் வீதியின் ஓரத்தில், முகில் காட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் சிறிய குளம் ஒன்று இருக்கிறது. உலக முடிவைப் பார்க்கப் போகும் சுற்றுலாப் பயணிகளின் வான்கள் அதைக் கவனிக்காமலேயே கடந்துவிடும். ஆனால், பறவை பார்ப்பவர்கள் விடியும் முன்னரே வந்து, அந்தக் குளிரில் பேசாமல், அசையாமல் நிற்பார்கள். அவர்கள் அதை ‘அரெங்கா குளம்’ என்று அழைக்கிறார்கள். உலகில் இலங்கையின் மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு பறவைக்காகவே அந்தக் காத்திருப்பு.

நானும் ஒரு தடவை அங்கே நின்றிருக்கிறேன். குருவியைக் காணவில்லை. சத்தம் மட்டும் கேட்டது: காதைத் தீட்டிக் கொண்டிருந்தால் மட்டுமே பிடிபடும் மெல்லிய, கூரிய சீட்டி. வெளிச்சம் வந்ததும் அதுவும் நின்றுபோனது.

ஆங்கிலத்தில் சீட்டியடிக்கும் குருவி என்ற பொருளில் பெயர் கொண்ட இந்தப் பறவையைச் சிங்களத்தில் ‘அரங்கயா’ என்கிறார்கள். விஞ்ஞானிகள் முதலில் இதற்கு வைத்த ‘அரெங்கா’ என்ற பேரினப் பெயரிலிருந்து வந்தது அது. விஞ்ஞானிகள் அந்தப் பெயரைக் கைவிட்டு இப்போது ‘மயோஃபோனஸ் பிளைகி’ என்கிறார்கள். பழைய பெயர் குளத்திலும் சிங்களப் பேச்சிலும் தங்கிவிட்டது. இந்தக் கட்டுரையிலும் அரங்கயா என்றே சொல்கிறேன்.

ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம். ஆண் பறவை கருநீலம், தோளில் மட்டும் பளிச்சென்ற நீலத் திட்டு. பெண் பறவை மண்ணிறம், அதற்கும் தோளில் ஒரு நீலக் கீற்று. ஏறத்தாழ 900 மீற்றருக்கு மேற்பட்ட மலைக்காடுகளில், அதுவும் காட்டுக்குள் எங்கும் அல்ல, நிழல் மூடிய ஓடைக்கரைகளில்தான் வாழும். ஈரப் பாறைகளுக்கு இடையில் பூச்சி, நத்தை, சிறு தவளை, பல்லி ஆகியவற்றைத் தேடித் தின்னும். நீர்வீழ்ச்சிக்கு அருகிலுள்ள பாறை விளிம்பில் அல்லது மரக் கவட்டில் பாசியால் கூடு கட்டி, ஒன்றோ இரண்டோ முட்டை இடும். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் இதை அழிவாபத்திலுள்ள இனமாக வகைப்படுத்தியிருக்கிறது.

இலங்கைக்கே உரித்தான பறவையினங்கள் முப்பதுக்கும் மேல். அவற்றில் அரங்கயாவை மட்டும் எடுத்துப் பேசக் காரணம் உண்டு. இந்தக் குருவியின் வரலாறும் மலையகத் தமிழரின் வரலாறும் ஒரே மலைச்சரிவில், ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுதப்பட்டவை. இன்று மலையகத்தில் சூடுபிடித்திருக்கும் காணிப் பிரச்சினையில் இரண்டின் எதிர்காலமும் மீண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். மறுவருடம், 1868இல், அரங்கயா விஞ்ஞானிகளின் கண்ணில் பட்டது. 1872இல் ஹோல்ட்ஸ்வேர்த் என்பவர் அதை விபரித்து, சாமுவேல் பிளை என்ற கோப்பித் தோட்டத்துரையின் பெயரை அதற்குச் சூட்டினார். கோப்பிக்காகக் காட்டை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்த ஒரு வர்க்கத்தின் பெயர், அந்தக் காட்டை விட்டால் வாழ வழியில்லாத குருவியின் மீது ஒட்டிக்கொண்டது. அதற்குப் பின்னர் இலங்கையில் இன்னொரு புதிய பறவையினம் கண்டுபிடிக்கப்பட 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தீபால் வறகாகொட கண்டறிந்த சிறு ஆந்தை அது.

காட்டை வெட்டியவர்கள் யார்? கோடரி பிடித்த கைகள் நமது மூதாதையருடையவை. தென்னிந்தியாவிலிருந்து கடனோடும் கங்காணியோடும் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். எதை வெட்டுவது, எதை விடுவது என்ற முடிவு அவர்களுடையது அல்ல. ஆனால், “தோட்டத்து ஆட்கள் விறகுக்காகக் காட்டை அழிக்கிறார்கள்” என்ற பேச்சு இன்றும் எளிதாக எழுகிறது. துரை குருவிக்குப் பெயராகிவிட்டார், தொழிலாளிக்கோ பழிதான் மிச்சம்.

ஆங்கிலேயர் தாமாகவே பயந்துபோன ஒரு கட்டமும் இருந்தது. 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடக்கூடாது என்று வலியுறுத்தினார். அந்த ‘ஐயாயிரம் அடி’ இன்றும் இலங்கையின் சுற்றாடல் விவாதங்களில் மந்திரம் போல உச்சரிக்கப்படுகிறது. ஹோர்ட்டன் சமவெளி போன்ற இடங்கள் தப்பியதற்கு அந்த ஆலோசனை ஒரு முக்கிய காரணம் என்பதை மறுக்க முடியாது. இருந்தாலும் நுவரெலியா நகரம் ஆறாயிரம் அடிக்கும் மேலேதான் இருக்கிறது. அங்குள்ள விடுதிகளும், குதிரைப் பந்தயத் திடலும், லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் மரக்கறித் தோட்டங்களும் அந்தக் கோட்டுக்கு மேலேதான். கோடு யாருக்கு வளைந்து கொடுத்தது, யாருக்கு வளையவில்லை என்பதை வரலாற்றாசிரியர்கள் இன்னும் விரிவாக எழுதவேண்டும்.

இன்று அரங்கயா எங்கே எஞ்சியிருக்கிறது? ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ், ஹக்கல, இவற்றைச் சுற்றிய சில காட்டுத் துண்டுகள். முதல் மூன்றும் சேர்த்து 2010இல் உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. காகிதத்தில் பார்த்தால் அரங்கயாவின் கதை நல்லபடியாக முடிந்துவிட்ட கதை: வீடு மரபுரிமை, வாசலில் காவலாளி, நுழைவுக்கு ரிக்கெட்.

ஆனால், பூங்காவின் எல்லைக்குள்ளேயே காடு நலமாக இல்லை. ஹோர்ட்டன் சமவெளியில் பல தசாப்தங்களாக மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போய்க் கொண்டிருக்கின்றன. மண்ணில் மாற்றம், நீர்ப் பற்றாக்குறை, தாழ்நிலத்திலிருந்து காற்றோடு ஏறிவரும் மாசு என்று பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. ஒற்றைப் பதில் கிடைத்தபாடில்லை. மரம் பட்டால் நிழல் போகும், நிழல் போனால் ஓடைக்கரையின் ஈரம் போகும். ஈரம் இல்லாத இடத்தில் நத்தையும் இல்லை, தவளையும் இல்லை, அரங்கயாவும் இல்லை. ஐரோப்பியர் கொண்டுவந்த மஞ்சள் பூ முட்செடி ஒருபுறம் சமவெளியின் புல்வெளியைப் பிடித்து வருகிறது. பயணிகள் விட்டுச்செல்லும் உணவுக் குப்பைக்கு வரும் காகங்கள் சிறு பறவைகளின் கூடுகளையும் தேடும்.

இதற்கு மேலே வெப்பநிலை உயர்வு. தாழ்நிலப் பறவைக்குச் சூடு தாங்காவிட்டால் மேலே ஏறலாம். அரங்கயா ஏற்கனவே மேலேதான் இருக்கிறது. இலங்கையின் மிக உயர்ந்த புள்ளியான பீதுருதாலகால 2,524 மீற்றர். அதற்கு மேல் ஆகாயம்தான். பக்கவாட்டில் நகரலாம் என்றால் அதுவும் எளிதல்ல. நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் மத்திய மலைத்திணிவுக்கும் இடையே மகாவலிப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. நிழலான ஓடையை விட்டு வெளியே வரக் கூச்சப்படும் ஒரு குருவி, அந்த வெயில் வெளியையும் ஊர்களையும் கடந்து போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

எனவே, இருக்கும் காட்டுத் துண்டுகளுக்கு இடையில் உள்ள நிலம்தான் உண்மையான கேள்வி. அந்த நிலம் பூங்கா அல்ல, தேயிலை. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அதிகாரம் பூங்கா வேலியோடு நிற்கிறது. ஓடை நிற்பதில்லை. காட்டுக்குள் பிறந்து, வேலியைத் தாண்டி, தேயிலை மலைகளுக்கு இடையால் இறங்கி, மரக்கறித் தோட்டத்தின் ஓரமாகப் போய், லயன்களுக்குக் கீழே உள்ள பீலிக்கரையில் விழுகிறது. அதே தண்ணீர்தான் மகாவலியாகவும் களனியாகவும் வளவையாகவும் நாட்டின் மற்றப் பகுதிகளுக்குப் போகிறது.

தோட்டத்துக்குள் ஓடும் ஓடையின் இரு கரையிலும் குறிப்பிட்ட அகலத்துக்குக் காடு விடப்பட வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. ஓடை ஒதுக்கு நிலம் என்ற கருத்து நமது காணிச் சட்டங்களில் நெடுங்காலமாக உண்டு. சில தோட்டங்களில் அது இன்னும் இருக்கிறது. வெலிமடைப் பக்கத்தில் தேயிலைக்கு நடுவே காட்டுத் துண்டைப் பேணிய ஒரு தோட்டத்தில் அரங்கயாவைப் பார்க்கலாம் என்பது பறவை பார்ப்பவர்களிடையே பிரசித்தம். ஓடையோரக் காடு நின்றால் தேயிலைக்கு மத்தியிலும் இந்தக் குருவி வாழும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை. ஆனால், வேறு பல இடங்களில் தேயிலை வரிசை ஓடையின் விளிம்பு வரை வந்துவிட்டது, அல்லது கரையில் தைலமரம் நிற்கிறது. மரக்கறிப் பயிர்ச்செய்கை நடக்கும் இடங்களில் நிலைமை இன்னும் மோசம். வாய்க்காலின் வரப்பு வரை உழுது, மருந்தடித்து, மழைக்கு மண்ணோடு சேர்ந்து எல்லாம் ஓடைக்குள் இறங்குகிறது.

மருந்து பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2015இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டபோது விவாதம் முழுவதும் ரஜரட்ட விவசாயிகளின் சிறுநீரக நோயைச் சுற்றியே நடந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டபோது விவாதம் விளைச்சலையும் செலவையும் பற்றியது. 2021இல் இரசாயன உரமும் மருந்தும் ஒரே இரவில் நிறுத்தப்பட்டு, அதே ஆண்டிலேயே அந்த முடிவு தலைகீழாகத் திருப்பப்பட்டபோது விவாதம் டொலரையும் பட்டினியையும் பற்றியதாக மாறியது. மூன்று தடவையும் கொழுந்து மலைக்குக் கீழே ஓடும் தண்ணீரில் என்ன கலக்கிறது என்பது ஒரு பொருட்டாகவே எடுக்கப்படவில்லை. அந்தத் தண்ணீரில் வாழும் பூச்சியை அரங்கயா தின்கிறது. அந்தத் தண்ணீரைத்தான் லயன் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

இனி விறகு. தோட்ட மக்கள் விறகு பொறுக்குவது உண்மைதான். 2022இல் எரிவாயு வரிசையில் நாடே நின்றபோது கொழும்பு மத்தியதர வர்க்கமும் விறகடுப்புக்குத் திரும்பியதை நாம் பார்த்தோம். தோட்டத்தில் அது நெருக்கடிக் காலத்துப் பழக்கம் அல்ல, அன்றாடம். கவ்வாத்து மிலாறு கிடைக்கும் காலத்தில் அது போதும். கவ்வாத்து இல்லாத மாதங்களில் பெண்கள் காட்டோரத்துக்குப் போகிறார்கள். காய்ந்த சுள்ளியைப் பொறுக்கும்போது அடிக்காடு மெலிகிறது. அடிக்காட்டின் மறைவு இல்லாமல் அரங்கயா இரை தேட வராது. இந்தப் பாதிப்பை மூடி மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால், கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் தேயிலைத் தொழிற்சாலைகளின் உலைகள் விழுங்கும் விறகையும் அதே தராசில் வைக்க வேண்டும். தலைச்சுமை வீதியில் தெரிகிறது. உலைக்குப் போகும் லொறி யாருக்கும் உறுத்துவதில்லை.

தனக்கென்று கால் ஏக்கர் காணி உள்ள குடும்பம் வேலியில் கிளிரிசிடியா நடும், வீட்டுப் பின்புறத்தில் மரம் வளர்க்கும். லயன் அறைக்கு முன்னால் உள்ள மண் கூடத் தனதில்லாத குடும்பம் எங்கே நடுவது? இருநூறு வருடங்களாகத் தோட்டத்தில் வாழ்ந்தும் காணியுரிமை இல்லை என்பதை 2023இல் மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் நாட்டுக்கு ஞாபகப்படுத்தினார்கள். காணியின்மை ஓர் அரசியல் அநீதி மட்டுமல்ல, அது காட்டோரத்தில் ஒரு சூழலியல் விளைவையும் உண்டாக்குகிறது. இதைச் சுற்றாடல் அமைப்புகள் அதிகம் பேசுவதில்லை. நமது தொழிற்சங்கங்களும் காட்டைப் பற்றிப் பேசுவதில்லை. இரு தரப்பும் ஒரே மலையில் இருந்துகொண்டு வேறு வேறு மொழிகளில் பேசுகின்றன. இரண்டு அர்த்தத்திலும்தான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த மௌனத்தை உடைத்துவிட்டது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயன்கள் புதைந்தபோது கேட்ட அதே கேள்வி மறுபடியும் எழுந்தது: இந்த மக்களைப் பாதுகாப்பான இடத்தில் குடியேற்றக் காணி எங்கே?

இந்தக் கேள்விக்கு இரண்டு ஆபத்தான பதில்கள் உண்டு. ஒன்று, மேட்டுநிலத்தை மீளக் காடாக்க வேண்டும், ஆகவே மக்களை மலையகத்தைவிட்டே இறக்கிவிட வேண்டும் என்பது. ஐயாயிரம் அடி மந்திரம் இப்போது இந்த வடிவத்திலும் ஒலிக்கிறது. காட்டின் பெயரால் ஒரு சமூகத்தை அதன் நிலத்திலிருந்து பெயர்ப்பதற்கு அது வசதியான சொல். விடுதிகளையும் மரக்கறித் தோட்டங்களையும் பற்றிப் பேசாமல் லயன்களை மட்டும் கீழே இறக்கச் சொல்பவர்களின் சூழல் அக்கறையைச் சந்தேகிக்க நமக்கு உரிமை உண்டு.

மற்றப் பதில் இன்னும் வழுக்கலானது. விளைச்சல் தரும் தேயிலை நிலத்தை விட்டுக்கொடுக்கக் கம்பனிகள் விரும்பமாட்டா. ஆகவே, ஏழு பேர்ச்சஸ் கொடுக்க நேரும்போது அவை கைகாட்டக்கூடியவை பயிர் இல்லாத துண்டுகள்: ஓடை ஒதுக்கு, காட்டோரம், செங்குத்தான சரிவு. அரங்கயாவுக்கு மிஞ்சியிருப்பதும் அதுவேதான். அந்தத் துண்டு கொடுக்கப்பட்டால் குருவியின் வீடும் போகும், மக்களின் உயிரும் பணயமாகும். ஓடைக்கரையில் காட்டை வெட்டிக் கட்டும் வீடு அடுத்த பெருமழையில் முதலில் போகும் வீடு. இங்கே சுற்றாடலுக்கும் மக்களுக்கும் முரண்பாடே இல்லை. முரண்பாடு இருப்பதாகக் காட்டுவது யாருக்கு இலாபம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தத் தோட்டங்கள் கம்பனிகளின் சொத்து அல்ல. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசுடைமையாகி, 1992இல் முகாமைத்துவத்துக்குக் கொடுக்கப்பட்டு, பின்னர் நீண்டகாலக் குத்தகையில் இருப்பவை. நிலத்தின் உரிமையாளர் அரசு. கம்பனிகளில் அரசுக்குத் தங்கப் பங்கும் இருக்கிறது. எனவே, ஓடைக்கு இரு புறமும் காடு நிற்க வேண்டும், குடியிருப்புக்கு உறுதியான நல்ல தேயிலை நிலத்திலிருந்து காணி பிரிக்கப்பட வேண்டும் என்று குத்தகைக்காரருக்குச் சொல்ல அரசுக்குப் புதிய அதிகாரம் தேவையில்லை. மனம்தான் தேவை. ஏற்றுமதிச் சந்தைக்காகக் கம்பனிகள் பெறும் ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் போன்ற சான்றிதழ்களும் நீரோடைகளையும் இயற்கைக் காட்டையும் காக்கும்படி கேட்கின்றன. தேயிலைப் பெட்டியில் அந்தத் தவளைச் சின்னத்தைப் பார்த்து வாங்கும் வெளிநாட்டுக்காரரிடம் ஓடைக்கரையின் நிலைமையை எடுத்துச் சொல்வது தொழிற்சங்கங்களுக்கும் நல்ல ஆயுதம்.

அரசின் மனத்தைப் பற்றி நம்பிக்கையோடு பேசுவது கடினம் என்பதும் உண்மை. 2020இல், பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனப்படுத்தப்படாத ‘ஏனைய அரச காடுகள்’ வன பாதுகாப்புத் திணைக்களத்தின் கையிலிருந்து எடுக்கப்பட்டு மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. அந்த வகைக் காட்டில்தான் பெரிய வனங்களை இணைக்கும் சிறு துண்டுகள் அடங்குகின்றன. வரைபடத்தில் பெயரில்லாத அந்தத் துண்டுகளை யாரும் மரபுரிமை என்று கொண்டாடுவதில்லை.

சிறு நீர்மின் திட்டங்களையும் விட்டுவிட முடியாது. புகையில்லாத மின்சாரம் என்பதால் அவற்றைக் குறைசொல்வது பலருக்குக் கசக்கும். ஆனால், அணைக்கட்டுக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட தூரத்தில் ஓடையின் நீர் குழாய்க்குள் போய்விடுகிறது. வறட்சி மாதங்களில் அங்கே மிஞ்சுவது வெறும் பாறை. மேல் கொத்மலைத் திட்டத்தின்போது சென் கிளயார் நீர்வீழ்ச்சிக்காக மலையகம் குரல் கொடுத்தது. பெயர் தெரியாத சிற்றோடைகளுக்கு அப்படிக் குரல் எழுவதில்லை. ஓடையில் எந்த மாதத்திலும் எவ்வளவு நீர் ஓட வேண்டும் என்பதை அனுமதிப்பத்திரத்தில் எழுதினால் போதாது, அதை அளந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார் என்ற கேள்வியில்தான் எனக்கு ஓரளவு நம்பிக்கை. ஓஹியவிலும் பட்டிப்பொலவிலும் ஹக்கலையைச் சுற்றியும் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் தோட்டத்து இளைஞர்கள் ஏராளம். ஓடை எந்தப் பாறையில் திரும்புகிறது, எங்கே மண் நகர்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். பறவை பார்க்க வரும் வெளிநாட்டவர் இந்த ஒரு குருவிக்காகவே நுவரெலியாவில் இரண்டு இரவு தங்குகிறார்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி விடுதிக்கும் கொழும்பிலிருந்து வரும் வழிகாட்டிக்கும் போகிறது. மலையடிவாரத்துப் பிள்ளைக்கு வழிகாட்டிப் பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் தமிழில் கிடைத்தால், ஓடையைக் காப்பதில் அந்தப் பிள்ளைக்கு ஒரு சம்பளம் இருக்கும். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டதன் பின்னர் தோட்டங்களுக்குள் சபைகள் வேலை செய்யத் தடையில்லை. லயன் குப்பையை ஓடையில் கொட்டாமல் அள்ளிச் செல்ல ஒரு உழவு இயந்திரம் அனுப்புவதிலிருந்து சபைகள் தொடங்கலாம்.

புயலுக்குப் பின்னரான குடியேற்றங்களுக்குக் காணி அளக்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரைபடம் வரும். அதில் வீட்டு இலக்கமும் பாதையும் இருக்கும். ஓடையும் அதன் இரு புறத்து ஒதுக்கும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா, வீடுகள் அதற்குள் விழுகின்றனவா என்பதைக் கிராம சேவகரிடமும் தோட்ட முகாமையாளரிடமும் கேட்டுப் பார்க்க வேண்டியவர்கள், அந்த வீட்டில் குடியேறப் போகிறவர்களே.